நூல்நிலையத்தாரும் எழுதுகோலும்

நூல்நிலையத்தில் பணி புரிவோர் பிறர் எழுதிய நூல்களைக் காப்பவரேயன்றித் தாம் எழுதவேண்டுவது யாதுளது எனப் பலர் கருதுவர். உழவன் எழுதாமலே நெல் விளைகின்றது. அவ்வாறே எழுதாமலே நூல்நிலையமும் நடைபெறும் என்பது அவர் கொள்கை. ஆயினும், தாம் நாடோறும் கண்டறிந்தவற்றை எழுதி, தம்மையொத்த தொழிலினர் முன்னர் வைக்கும் வழக்கம் இல்லையாயின், இப்பணி வெறும் உத்தியோகமாகவே நின்றுவிடும், கலையாக வளராது. இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் இப்பணியின் இயல்பை அறிதல் வேண்டும். மாணாக்கர் கண்ணுக்குப் புலனாவன நூல் வழங்கும் மேசையும், நாள் குறிக்கும் முத்திரையுமே. அவற்றின் பின்னே நூல்களைத் தெரிந்தெடுத்தல், வகைப்படுத்தல், பட்டியல் அமைத்தல், சிதைந்தவற்றைச் செப்பனிடுதல் எனப் பல வேலைகள் உள. இவை யாவற்றினும் அரியது, வருவோர் உள்ளத்திலுள்ள வினாவை உணர்ந்துகொள்வதாம். மாணாக்கர் ஒருவர் வந்து, “சரித்திர நூல் ஒன்று வேண்டும்” என்பார். இரண்டொரு வினா வினவிய பின்னரே, அவர் நாடுவது தம் ஊர் ஏரிகளைப் பற்றிய செய்தி என்பது வெளிப்படும். பல நூல்களைப் புரட்டி அதனைத் தேடித் தருகின்றோம். அவரும் மகிழ்ந்து செல்கின்றார். அத்துடன் அவ்வுழைப்பு மறைந்தொழிகின்றது. மறுவாண்டு வேறொருவர் அதே வினாவுடன் வரின், தேடலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். எழுதி வைத்தாலன்றோ பின்வருபவர் பயனடைவர்?

இதற்குச் சிறந்த சான்றாக விளங்குபவர் சீர்காழியில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் அவர்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மாநிலக் கல்லூரியில் அதனையே கற்பித்துவந்த அப்பெரியார், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூல்நிலையத் தலைவரானார். தொடக்கத்தில் அப்பதவியின் தனிமை அவருக்கு உவப்பாயில்லை. மீண்டும் கற்பிக்கும் தொழிலுக்கே செல்ல விழைந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று இத்துறையைப் பயின்று, ஆங்குள்ள நூல்நிலையங்கள் பலவற்றை நேரிற் கண்டார். ஒவ்வோரிடத்தும் வழக்கங்கள் வேறுவேறாயிருந்தன. அவற்றுக்கெல்லாம் அடிப்படையாகிய விதி யாது என அவரது கணித உள்ளம் வினவிற்று. அவ்வினாவின் விடையே 1931-இல் வெளிவந்த ஐந்து விதிகள் பற்றிய நூல். நூல்கள் பயன்படுதற்கே உரியன. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும். வாசகரது காலத்தை வீணாக்கலாகாது. நூல்நிலையம் வளரும் உயிர்ப்பொருள் போன்றது என்பன அவற்றின் கருத்து.

அவர் வகுத்த கோலன் பகுப்புமுறை 1933-இல் அச்சேறிற்று. ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு குறியளித்து, அக்குறிகளைப் பெரும்பாலும் முக்காற்புள்ளியால் இணைப்பது அம்முறை. அது நூலாக வெளிவந்தமையால் பிறர் அதனைக் கையாளவும், ஐயங்களை எழுப்பவும் இயன்றது. அவரும் திருத்திக்கொண்டே சென்றார். 1960-ஆம் ஆண்டுக்குள் ஆறு பதிப்புகள் வெளிவந்தன. ஓரறையில் ஒருவரது பழக்கமாகவே இருந்திருப்பின், அஃது அவர் ஓய்வு பெற்ற நாளிலேயே மறைந்திருக்கும். பொது நூல்நிலையங்களுக்குச் சட்டம் வேண்டுமென அவர் பல்லாண்டு எழுதியும் பேசியும் வந்தார். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று.

அமெரிக்க நாட்டிலும் இவ்வுண்மையைக் காணலாம். மெல்வில் டூயி என்பாரின் தசமப் பகுப்புமுறை முதன்முதல் அச்சேறிய 1876-ஆம் ஆண்டிலேயே, அந்நாட்டு நூலகத்தார் சங்கமும் அவர்களுக்கெனத் தனிப் பத்திரிகையும் தோன்றின. இரண்டிலும் அவருக்குப் பங்குண்டு. ஒருவர் கண்டதை மற்றொருவர் படித்தறிய வழி பிறந்தபோதே அங்கு இத்தொழிலும் தனித்தொழிலாக உருப்பெறலாயிற்று.

இனி, எழுதுவோர்க்கு எல்லைகளும் உள. வாசகர் காத்து நிற்க, நூலகத்தார் கட்டுரை வரைந்துகொண்டிருத்தல் முறையன்று. அது நான்காம் விதிக்கு மாறாகும். இதனினும் பெரியது மற்றொன்று. இன்னார் இன்ன நூலைப் பெற்றார் என்பது வெளியிடத்தக்கதன்று. தீராப் பிணியைப் பற்றிய நூலை ஒருவர் நாடுவாராயின், அதற்குரிய காரணம் அவர் உள்ளத்துக்கே உரியது. தாம் எழுதப்படுவோம் என்னும் அச்சம் தோன்றின், அவர் வினவாமலே திரும்புவர். வினவாதார்க்கு நூல்நிலையம் இருந்தும் இல்லாததே. ஆகவே, வினாவை எழுதலாம். வினவினார் யாரென எவ்வகையாலும் அறியக் கிடத்தலாகாது.

எனவே, எழுதத்தக்கன யாவை? கேட்கப்பட்ட பொருள், தேடிய இடங்கள், கிடைத்த நூல், கிடைக்காதாயின் அதன் காரணம் ஆகிய நான்குமாம். அழகிய நடை வேண்டுவதில்லை. நாளும் பத்து வரிகள் போதும். பட்டியற் பேழையின் இடத்தைக் கணிப்பொறி பல நூல்நிலையங்களிற் பெற்றுவிட்டதாயினும், தெளிவில்லாத வினாவைத் தெளிவிப்பது இன்னும் மனிதர் பொறுமையையே வேண்டி நிற்கின்றது. அப்பொறுமையாற் கற்றவை எழுத்திலேறினாலன்றி அடுத்த தலைமுறையைச் சென்று சேரா.

மாணாக்க நண்பர்காள்! நீவிர் வினவும் வினாக்களே எமக்குப் பாடநூல். வேண்டிய நூல் கிடைக்கவில்லையெனின் வாளா திரும்பாது எம்மிடம் கூறுமின். நாளை இத்தொழிலை மேற்கொள்ள விழைவோர் உம்முள்ளும் இருத்தல் கூடும். அன்னோர் முதல் நாளிலேயே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குவாராக.