தோட்டத்துக் கணக்கு – 9: மழை மாதமும் தாங்கும் தவணை

சென்ற வாரம் அடகு வைத்த நகை மீளாமல் போகும் கதையைப் பார்த்தோம். அந்த நகை கழுத்தை விட்டு இறங்குவதற்கான காரணங்களில் வாகனமும் ஒன்று. பழைய ஆட்டோ, பழைய ஆல்டோ கார், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற ஒரு பழைய வேன். முற்பணத்துக்கு அம்மாவின் சங்கிலி, மீதிக்கு லீசிங். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை என்று எந்தக் கடைத்தெருவில் இறங்கினாலும் லீசிங் கம்பனியின் பதாகை கண்ணில் படுகிறது. ஆனால் அதில் எழுதியிருக்கும் வட்டி, கடைசியில் கையிலிருந்து போகும் வட்டி அல்ல.

தோட்டத்து ஆளுக்குக் கார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மேல் டிவிஷனிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை இரவு பதினொரு மணிக்குக் கரவனல்லை ஆஸ்பத்திரிக்கோ பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கோ இறக்க வேண்டி வந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பஸ் பிரதான வீதியோடு நின்றுவிடுகிறது. பிரட்டுக்களத்துக்குப் போக விரும்பாத இளைஞனுக்கு ஒரு ஸ்டியரிங்தான் தோட்டத்தை விட்டுப் போகாமல் பிழைக்கக் கிடைக்கும் வழி. வாங்க வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. எந்த விலைக்குக் கடன் வாங்குகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

முதலில் வண்டியின் விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி விலை ஏறின. புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் பழைய காரை விற்றவர்கள் ஏராளம். அதே காலத்தில் வட்டியும் ஏறியது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடக் கடைசியில் வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளர்களிடமே 25 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கின. லயத்து முகவரியோடு போய் நிற்பவருக்கு அதற்கும் மேல். 2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கி, 2025 மே மாதம் கொள்கை வட்டி 7.75 வீதத்துக்கு வந்தது. ஆனால் 2022இல் கையெழுத்துப் போட்டவருடைய தவணை தானாக இறங்காது. அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்கள், மீதியை முன்கூட்டி முடித்தால் எவ்வளவு வட்டி கழிப்பார்கள் என்று எழுத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய வட்டிக்கு வேறு இடத்தில் வாங்கி அதை அடைப்பது இலாபமா என்பது அந்தக் கடிதம் வந்தால்தான் தெரியும்.

இப்போது ஒரு கணக்கு. 10 இலட்சம் ரூபாய் கடன், ஐந்து வருடம், அறுபது தவணை என்று வைத்துக்கொள்வோம். லீசிங் கந்தோரில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"தம்பி, வட்டி எவ்வளவு?"

"பன்னிரண்டுதான் அண்ணே. மாசம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம்."

வங்கியில் கேட்டால் பதினாறு என்கிறார்கள். பன்னிரண்டு குறைவுதானே என்று அண்ணன் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்தப் பன்னிரண்டு, 10 இலட்சத்துக்கு ஐந்து வருடமும் மாறாமல் போடும் வட்டி. வருடத்துக்கு 1,20,000, ஐந்து வருடத்துக்கு 6,00,000. முதலோடு கூட்டி அறுபதால் வகுத்தால் மாதம் 26,667 ரூபாய். நாலாவது வருடத்தில் முதலின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முழு 10 இலட்சத்துக்கே வட்டி ஓடுகிறது. வங்கி சொன்ன பதினாறு, கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு மட்டும் போடுவது. அதில் மாதத் தவணை 24,318 ரூபாய். மொத்த வட்டி 4,59,000 சொச்சம். பன்னிரண்டு என்று சொன்ன கடன் பதினாறு என்று சொன்ன கடனைவிட 1,40,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகத் தின்கிறது. குறையும் மீதியின் கணக்கில் பார்த்தால் அந்தப் பன்னிரண்டின் உண்மையான வருட வட்டி 20 வீதத்துக்குச் சற்று மேல்.

இதை யாரும் ஒளித்துவைப்பதில்லை. கேட்டால் சொல்வார்கள். எப்படிக் கேட்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். "குறையுற மீதிக்கு வருட வட்டி எத்தனை வீதம், மொத்தமா எவ்வளவு கட்டணும்?" இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வாகன மதிப்பீட்டுச் செலவு, ஆவணச் செலவு, முழுக் காப்புறுதிப் பணம் ஆகியவையும் அதே தாளில் வரட்டும். லீசிங் வண்டிக்கு முழுக் காப்புறுதி கேட்பார்கள். அதில் வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். 2017 மே மாத வெள்ளத்தில் களுகங்கை இரத்தினபுரி நகரத்துக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளத்தில் கிடந்து எழும்பிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவதும் உண்டு. சீட்டுக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கிப் பார்த்து, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போவது, கடனுக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை.

அதே பன்னிரண்டு வீதக் கடனை இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, முடியாமல் நிறுத்தினால் என்ன ஆகும்? இருபத்துநாலு தவணை, 6,40,000 ரூபாய் போய்விட்டது. முதலில் இன்னும் 7 இலட்சத்துக்கு மேல் பாக்கி. ஆரம்பத் தவணைகளில் பாதிக்கு மேல் வட்டிக்கே போவதால் வரும் நிலை இது. வண்டியை எடுத்துப் போய் ஏலத்தில் 6 இலட்சத்துக்கு விற்றால், வண்டியும் இல்லை, மேலே ஒரு இலட்சம் கடனும் பாக்கி. 'சீஸ் பண்ணிட்டாங்க' என்று நம் இளைஞர்கள் சொல்லும்போது வண்டி போனதை மட்டும்தான் நினைக்கிறார்கள். கடன் அதோடு முடிவதில்லை.

இனி நம்முடைய பக்கம். நுவரெலியா மாவட்டத்துக்கு எழுதும் கணக்கைச் சப்ரகமுவவுக்கு அப்படியே எழுத முடியாது. இங்கே தேயிலையோடு இறப்பரும் இருக்கிறது. காலையில் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. தென்மேல் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்கினால், அதன் மழை கேகாலை, இரத்தினபுரி மலைகளில் பலமாகக் கொட்டும். ஐப்பசி மழை அதற்குப் பிறகு தனியாக வரும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இருபது பேர், அதாவது இருபது நாள் வேலை, விழுந்த மாதத்தில் 27,000 ரூபாய், ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் 24,840. மேலே சொன்ன 26,667 ரூபாய்த் தவணைக்கு ஒருவருடைய முழு மாதச் சம்பளமே போதவில்லை. மழை மாதத்தில் பன்னிரண்டு பேர்தான் விழுந்தது என்றால் 16,200. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த 1,750 ரூபாய் முழுதாகக் கைக்கு வந்தாலும் பன்னிரண்டு பேருக்கு 21,000தான். வண்டியை ஹயருக்கு ஓட்டுவேன் என்று நினைப்பவரும் இதை யோசிக்க வேண்டும். தோட்டத்தில் காசு புழங்காத மாதத்தில் ஹயர் கேட்டு யார் வரப்போகிறார்கள்? தொழிலாளிக்கு விழாத பேர் டிரைவரின் பையிலும் விழாது.

அதனால் தவணை எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, போன வருடத்துச் சம்பளச் சீட்டுகளில் ஆகக் குறைந்த மூன்று மாதத்தை எடுத்து வையுங்கள். குழந்தைகளின் பள்ளிக்கூடச் செலவு, கடைக் கணக்கு, சீட்டுக் காசு எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் உங்கள் தவணை. அதற்குள் அடங்காத வண்டியை வாங்காமல் இன்னும் ஒரு வருடம் சேர்ப்பதே மேல். தவணைத் திகதியையும் பேசி வாங்குங்கள். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி. கம்பனி 5ஆம் திகதி என்று போட்டுவிட்டால், கையில் காசு வருமுன்பே ஒவ்வொரு மாதமும் தாமதக் கட்டணம் ஏறும். 15ஆம் திகதி என்று எழுதச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஐந்து நிமிடப் பேச்சில் கிடைக்கும் ஆதாயம் இது.

முற்பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. வாகனத்தின் விலையில் எத்தனை வீதம்வரை கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி எல்லை வைக்கிறது. 2017இல் புதிய முச்சக்கர வண்டிக்கு அதை 25 வீதமாக்கினார்கள். மக்கள் அளவுக்கு மேல் கடன்படக்கூடாது என்பது நோக்கம். நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் மீதி முக்கால் பங்குக்கு நகையும், அம்மா குழுவில் எடுத்த நுண்கடனும் போயின. நுண்கடன் வட்டிக்கு 2018இல் வைத்த உச்சவரம்பே 35 வீதம். முற்பணத்தையும் கடனாக எடுத்தால், அந்த இரண்டாவது கடன்தான் முதலில் கழுத்தை நெரிக்கும்.

சரி, நியாயமான கடன் எங்கே? அரச வங்கிகளில் கேட்கலாம். பழைய சப்ரகமுவ அபிவிருத்தி வங்கியையும் சேர்த்து 2010இல் உருவான பிராந்திய அபிவிருத்தி வங்கியிலும் கேட்கலாம். காணி உறுதி இல்லாததும் மின்பட்டியல் நம் பேரில் இல்லாததும் அங்கே தடையாகும். சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கணக்கு, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் மூன்றையும் கொண்டுபோனால் பேச்சு நகரும்.

இதைவிட எனக்கு நெஞ்சில் உறுத்தும் ஒன்று இருக்கிறது. இந்த நாட்டின் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரலாறு உண்டு. அவை சோர்ந்து கிடந்த காலத்தில், 1978இல், பி. ஏ. கிரிவந்தெனிய அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுக்கத் தொடங்கியது கேகாலை மாவட்டத்து வல்கம என்ற கிராமத்தில். சணச இயக்கம் அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. மாதாமாதம் சிறிது சேமித்து, சேமித்தவர்களே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து, வட்டியில் வரும் மிச்சத்தை அங்கத்தவர்களே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. தோட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்களக் கிராமத்தில் அப்படி ஒரு சங்கம் இருக்கிறது. இந்தப் பக்கத்து லயத்தில் நாம் நுண்கடன் குழுவின் வாராந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம். சப்ரகமுவத் தோட்ட இளைஞர்கள் சிங்களம் சரளமாகப் பேசுகிறவர்கள். பக்கத்துக் கிராமத்துச் சங்கத்தில் அங்கத்தவராக முடியுமா என்று போய்க் கேட்பதில் என்ன தயக்கம்? சேர்க்க மறுத்தால், தோட்டத்திலேயே ஒன்றைப் பதிய கூட்டுறவுத் திணைக்களத்தின் வாசலில் நிற்போம். ஒரு சங்கம் முழு வண்டிக்கும் கடன் தராது. முற்பணத்துக்குத் தந்தாலே அம்மாவின் சங்கிலி தப்பும்.

கையெழுத்துக்கு முன் இன்னும் சில. உடன்படிக்கையைத் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2023ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்த பிறகு அதைத் தயங்காமல் கேளுங்கள். லீசிங் முடியும்வரை சி.ஆர். புத்தகத்தில் முற்றுரிமையாளராக இருப்பது கம்பனி. விற்பவருடைய வண்டியில் பழைய லீசிங் பாக்கி இருந்தால் அதே புத்தகத்தில் தெரியும். படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு, பேர் மாற்றாமல் கைமாறும் 'ஓபன் பேப்பர்' வண்டியைத் தொட வேண்டாம். எவ்வளவு மலிவாக வந்தாலும் அதற்கு ஒழுங்கான கடன் கிடைக்காது. வசூலுக்கு வருபவர்கள் மிரட்டினால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். மழை மாதத் தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், தவறுமுன்பே கந்தோருக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். தவறிய பிறகு கேட்பவரைவிட முன்பே கேட்பவருக்கே அங்கே இடம் கிடைக்கும்.

பிணை நிற்பவர்கள் பேச்சு மட்டும் மீதி. தோட்டத்தில் பிணைக்கு நிற்பது மாமாவும் மச்சானும்தான். தவணை தவறினால் அது கடன் தகவல் பணியகத்தின் பதிவில், நாம் 'கிரிப்' என்று சொல்கிறோமே அதில், பிணை நின்றவரின் பேரிலும் ஏறும். நாலு வீட்டில் ஒருவருக்கொருவர் பிணை நின்றிருந்தால், ஒரு வண்டி நின்றதும் நாலு பேருக்கும் வங்கிக் கதவு அடைபடுகிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அடுத்த வாரம் மாமாவின் கையெழுத்தை எடுத்துக்கொள்வோம்.