வடை சுற்றின தாளும் வாவித் தண்ணீரும்

பள்ளிக்கூட மணி ஏழரைக்குத்தான். ஆனால் கல்லடியில் வாவிக்கரையை ஒட்டிய இந்த வகுப்பறையில் ஆறரைக்கே அமளி. இன்றைக்குத் தரம் ஆறுக்கு ஒளிப் பாடம். அதற்கான ஆயத்தத்தைப் பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. வாருங்கள், நுழைவோம்!

கால் வைக்க இடமில்லை. யோகட் கோப்பைகள், சிவப்பு டொபித் தாள்கள், ஓட்டுத் துண்டு, வாழையிலை, பட்டம் கட்டி மிஞ்சிய டிசுத் தாள். டீச்சர் கதிரையில் ஏறி நின்று ஜன்னலுக்குக் கறுத்தப் பொலித்தீன் கட்டுகிறார். வியர்வை ஆறாக ஓடுகிறது. விசிறியைப் போட்டால் தாளெல்லாம் பறந்துவிடுமே!

"மிஸ், பொலித்தீன் ஓட்டை, வெயில் வருது!" நேரத்தோடு வந்துவிட்ட ஒரு பையன் வாசலில் நின்று கத்துகிறான்.

"அப்ப நீயே அடைச்சுவிடு மனே."

கொப்பி மட்டையைச் செருகி அடைக்கிறான். பாடம் தொடங்குமுன்னே ஒளி புகாப் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான்!

காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டபடி ஒரு சேர் மூன்று போத்தல்களோடு வருகிறார்: கிணற்றுத் தண்ணீர், வாவித் தண்ணீர், கரைச் சேற்றைக் கலக்கி அள்ளியது. கையோடு எல்லாருக்கும் வடையும் வாங்கி வந்திருக்கிறார். தின்று முடித்துத் தாளை எறியப் போன டீச்சர் சட்டென்று நிற்கிறார். தாளை டோர்ச்சுக்கு முன்னால் பிடிக்கிறார். எண்ணெய் ஊறிய இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது! தாளின் நார்களுக்கிடையே காற்று இருக்கும்வரை ஒளி சிதறிப்போகும். எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பினால் கூடுதலான ஒளி கடந்துவிடும். பட்டியலிலேயே இல்லாத அந்தத் தாளுக்கு மேசையில் நடு இடம்.

மணி அடிக்கிறது. நான் அலுமாரிக்குப் பின்னால். ஒளி புகவிடும் பொருள், கசியவிடும் பொருள், புகவிடாத பொருள் என்று மூன்று கூடைகள். முதலில் ஊகம், பிறகுதான் டோர்ச். கண்ணாடியும் ஓடும் தகராறில்லாமல் கூடைக்குள் போகின்றன. சண்டை வாவித் தண்ணீரில்தான். போத்தலின் பக்கவாட்டில் அடித்தால் வெளிச்சம் மங்கலாக மறுபுறம் வருகிறது; அடியிலிருந்து மேல்நோக்கி அடித்தால் வரவேயில்லை.

"மறுகா எந்தக் கூடைக்குள்ள போடுற, மிஸ்?"

என்ன அருமையான கேள்வி! டீச்சர் விடை சொல்லவில்லை. "மாரி வெள்ளத்தில வாவி கலங்கினா, அடியில இருக்கிற புல்லுக்கு வெயில் எட்டுமா?" என்று திருப்பிக் கேட்கிறார். கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுமி, "தண்ணி கலங்கினா மீனுக்கு வலை தெரியாதெண்டு எங்கட அப்பா சொல்றவர்" என்கிறாள். பொருள் மட்டுமல்ல, அதன் தடிப்பும் கலங்கலும் சேர்ந்தே ஒளியை விடுவதும் மறிப்பதும் என்ற இடத்துக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்துவிட்டார்கள். விலை கூடிய உபகரணப் பெட்டியால் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரைத் தமிழறிஞராகவே நினைக்கிறோம். அவர் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். அவருடைய சமாதி இருக்கும் கல்லடியில் இப்படியொரு வகுப்பைப் பார்த்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளை குசினியைக் கிளறினால் ஏசாதீர்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகப் பால் விடக் கொடுங்கள்; எத்தனையாவது சொட்டில் பின்னாலுள்ள விரல் மறைகிறது என்று அவர்களே எண்ணட்டும். டோர்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்க மட்டும் விடாதீர்கள்.