டோக்கியோவில் ஒரு நாள்: பர்ஸ் காலியாவது மியூசியத்தில் இல்லை, மார்க்கெட்டில்!

"குடும்பத்தோட ஜப்பான் போறோம், ஒரு நாளைக்குக் கையில எவ்வளவு வச்சுக்கணும்?" என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். ஒரே தொகையாகச் சொல்வதைவிட, காசு எங்கே போகும், எங்கே போகாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் உங்களுக்கு உதவும்.

டோக்கியோவில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் சுகிஜி மார்க்கெட், மதியம் உவெனோ மியூசியங்கள், சாயங்காலம் அசகுசா கோயில். அப்பா, அம்மா, 10 வயது மகள், 5 வயது மகன். கணக்குக்காக 1 யென் = 60 பைசா என்று வச்சுக்கோங்க.

காசு போகாத இடங்கள்

உவெனோ பூங்காவில் உள்ள டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் 1872-ல் தொடங்கியது, ஜப்பானிலேயே பழமையானது. சாமுராய் வாள், கவசம், புத்தர் சிலைகள் எல்லாம் பார்க்கலாம். பெரியவர்களுக்கு 1,000 யென். 18 வயதுக்குக் கீழே இலவசம். தாத்தா பாட்டி கூட வந்தால், 70 வயது ஆனவர்களுக்கும் இலவசம். பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள்.

அதே பூங்காவில் தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகம். பெரியவர்களுக்கு 630 யென், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். டைனோசர் எலும்புக்கூடுகளோடு, இறந்துபோன எஜமானருக்காக ஷிபுயா ஸ்டேஷனில் வருஷக்கணக்கில் காத்திருந்த ஹாச்சிகோ நாயின் பதப்படுத்திய உடலும் இங்கேதான் இருக்கு.

இரண்டுக்கும் சேர்த்து நாலு பேருக்கு 3,260 யென், சுமார் ரூ.1,960. சிறப்புக் கண்காட்சி என்றால் தனி டிக்கெட். கட்டணங்கள் மாறலாம், கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துடுங்க.

அசகுசாவின் சென்சோஜி கோயிலுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. மெட்ரோவில் சின்னவனுக்கு டிக்கெட் வேண்டாம், பெரியவளுக்குப் பாதி. சுகிஜியிலிருந்து உவெனோவுக்கு ஹிபியா லைனில் நேராகப் போகலாம். அங்கிருந்து கின்சா லைனில் மூன்றாவது ஸ்டேஷன் அசகுசா.

காசு போகும் இடம்

சுகிஜியின் மொத்த மீன் சந்தை 2018-ல் தொயோசுவுக்கு மாறிவிட்டது. ஆனால் வெளிச் சந்தை இன்னும் அங்கேயேதான். குச்சியில் செருகிய முட்டை ரோல், சுட்ட சிப்பி, டூனா, வாக்யூ மாட்டிறைச்சி என்று கடைக்குக் கடை வாசனை இழுக்கும். ஒவ்வொன்றும் சின்னத் தொகையாகத்தான் தெரியும், சிக்கலே அங்கேதான். சராசரியாக ஒரு ஐட்டம் 500 யென், ஆளுக்கு நாலு என்று போட்டால் 8,000 யென். அதாவது ரூ.4,800. ரெண்டு மியூசியத்தையும் சேர்த்தால்கூட அதில் பாதி வராது!

இதற்கு எளிய வழி: மார்க்கெட்டுக்கு 4,000 யென் மட்டும் தனிக் கவரில் ரொக்கமாக வையுங்கள். ஒரு ஐட்டம் வாங்கி நாலு பேரும் பகிர்ந்து சாப்பிடுங்கள். அந்தக் கவரிலிருந்தே மகள் கையில் இரண்டு 500 யென் காசுகளைக் கொடுத்து, "இதுக்குள்ள உனக்குப் பிடிச்சதை நீயே வாங்கு" என்று விட்டுவிடுங்கள். பட்ஜெட் பற்றி நாம் வீட்டில் நடத்தும் பத்து வகுப்பைவிட அது நல்ல பாடம்.

சைவக் குடும்பம் என்றால் ஒரு எச்சரிக்கை. அந்த முட்டை ரோலில் பெரும்பாலும் 'தாஷி' என்ற மீன் சாறு சேர்ப்பார்கள். முட்டைதானே என்று வாங்கிவிடாதீர்கள்.

கார்டு தேய்க்கும்போது

மெஷின் "ரூபாயா, யென்னா?" என்று கேட்டால் யென்னைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த ரேட்டில்தான் கணக்காகும், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம். நம்ம ஊர் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. மொத்தம் 4.13%. ரூ.10,000 செலவுக்கு ரூ.413 கூடுதல். மார்க்கப் குறைவான கார்டு இருந்தால் அதை எடுத்துப் போங்க.

கிழமை முக்கியம்

இந்த இரண்டு மியூசியங்களுக்கும் வழக்கமாகத் திங்கள் விடுமுறை. சுகிஜியில் பல கடைகள் ஞாயிறும் புதனும் மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் மதியம் 2 மணிக்குள் கடை கட்டிவிடுவார்கள். ஆகவே செவ்வாய், வியாழன், வெள்ளி, சனியில் ஒன்றைப் பிடியுங்கள்.

பல லட்சம் கொடுத்துப் போய்விட்டு, பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் "வேண்டாம், காஸ்ட்லி" என்று நாள் முழுக்கச் சொன்னால் அந்தப் பயணத்தில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது. எல்லையை மார்க்கெட்டில் மட்டும் போடுங்கள். மியூசியத்தில் அவர்கள் கேட்கிற நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.