தகட்டில் ஒரு துளை, சுவரில் ஒரு கேலி

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பேட்டைப் பகுதியில் உள்ள வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் வசிப்பவர்களுக்கு லாரிகள் புதியவை அல்ல. அவற்றின் டீசல் தொட்டிகளிலும், அவை சுமந்து செல்லும் மரப்பெட்டிகளிலும் எண்களும் அம்புக்குறிகளும் வண்ணத்தால் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்களை உற்றுப் பாருங்கள். பூச்சியம் முழு வட்டமாக இராது. மேலும் கீழும் சிறு இடைவெளி விட்டு, இரண்டு அடைப்புக்குறிகளைப் போல நிற்கும். ஏன் இப்படி?

இக்கேள்விக்கான விடையில் ஒரு கலையின் இரகசியம் இருக்கிறது. பாங்ஸி என்ற புனைபெயரில் இயங்கும் பிரிட்டிஷ் சுவரோவியர், பதினெட்டு வயதில் போலீசாரிடமிருந்து தப்பி ஒரு லாரியின் அடியில் ஒளிந்துகொண்டாராம். அங்கே எரிபொருள் தொட்டியில் இருந்த தகடு எழுத்துகளைக் கண்டதும், இனித் தாமும் அவ்வாறே வரைவது என முடிவு செய்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

தீவுகளும் பாலங்களும்

ஸ்டென்சில் என்பது வேறொன்றுமில்லை, துளையிட்ட தகடுதான். நம் வீட்டுக் கோல அச்சும் அந்த இனமே. அட்டையில் ஒரு வட்டக் கோட்டை முழுவதுமாக வெட்டினால் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். இதனைத் 'தீவு' எனலாம். தீவைப் பிடித்து நிறுத்தச் சிறு 'பாலங்கள்' தேவை. பூச்சியத்தில் நாம் கண்ட இடைவெளிகள் இந்தப் பாலங்களின் நிழல்களே.

'வடக்குப்பட்டு' என்ற சொல்லையே வெட்டிப் பாருங்கள். 'ட', 'ப' ஆகிய எழுத்துகளில் மூடிய பகுதி இல்லை, தொல்லையும் இல்லை. 'வ', 'க' ஆகியவற்றின் சுழிகளுக்குப் பாலம் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியோ எல்லாவற்றிலும் எளியது. ஓர் ஆணித் துளை போதும்!

இம்முறை மிகப் பழைமையானது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் குகை ஒன்றில், பாறைமேல் கையை வைத்து அதைச் சுற்றிச் செம்மண் வண்ணம் தெளித்துப் பதித்த கை வடிவம் உள்ளது. அதன் வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என 2014-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அங்கே கையே தகடு.

குப்பிக்குள் நடப்பது என்ன?

இனி வண்ணக் குப்பிக்கு வருவோம். அமெரிக்காவில் எட்வர்டு சீமோர் என்பவர் 1949-இல் வண்ணத்தைத் தெளிப்புக் குப்பியில் அடைத்தார். குப்பிக்குள் வண்ணத்துடன் எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்றும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. முன்னாளில் இதற்குக் குளோரோஃபுளோரோ கார்பன்களைப் பயன்படுத்தினர். அவை ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தனர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டது. இன்று பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் போன்றவையே பயன்படுகின்றன. ஆம், அடுப்பெரிக்கும் வாயுவின் உறவினர்கள்தாம்!

குப்பியில் திரவம் சிறிதளவேனும் எஞ்சியிருக்கும் வரை, வெளியேறிய ஆவியின் இடத்தைப் புதிய ஆவி நிரப்பிவிடும். ஆகவே அழுத்தம் பெரும்பாலும் மாறுவதில்லை. மூடியை அழுத்தியதும் கலவை வெளியே பாய்கிறது. அதிலுள்ள திரவம் கணத்தில் ஆவியாகி, வண்ணத்தை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பம் குப்பியிலிருந்தே எடுக்கப்படுவதால் கை சில்லிடுகிறது.

குப்பியைச் சுவரிலிருந்து இரு மடங்கு தள்ளிப் பிடித்தால், அதே வண்ணம் நான்கு மடங்கு பரப்பில் விழும். பூச்சு கால் பங்காக மெலியும். மிக அருகில் பிடித்தாலோ பூச்சு தடித்து வழிந்தோடும். வழியும் வேகம் தடிமனின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், தடிமன் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்காகும். ஆகவேதான் அனுபவசாலிகள் ஒரே தடவையில் அடிக்காமல், மெல்லிய பூச்சுகளாக அடிக்கிறார்கள்.

தகட்டுக்கும் சுவருக்கும் இடைவெளி இருந்தால் விளிம்பு மங்கிவிடும். சுவரில் மோதிய காற்று பக்கவாட்டில் திரும்பி இடைவெளிக்குள் புகுகிறது. பெருந்துளிகள் நிலைமத்தால் நேரே சென்று சுவரில் ஒட்டுகின்றன. நுண்துளிகளோ காற்றோடு திரும்பித் தகட்டின் அடியில் படிகின்றன.

கேலிக்கு ஏன் இந்தக் கருவி?

தூரிகை ஓவியர் சுவரின்முன் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். தகடு வெட்டுபவரோ கடினமான வேலையை வீட்டிலேயே முடித்துவிடுகிறார். சுவரில் சில நிமிடங்களே போதும். பெயர் வெளியிடாமல் அதிகாரத்தைக் கேலி செய்ய விரும்புவோருக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்லவேண்டியதில்லை. பாரிஸ் நகரில் 1981 முதல் எலி உருவங்களைப் பதித்த பிளெக் லெ ராட் இவ்வழியின் முன்னோடி. நம் அண்டை மாநிலத்துக் கொச்சியில், 'கெஸ் ஹூ' என்ற பெயரில் மறைந்து இயங்கும் கலைஞரின் தகடு ஓவியங்கள் 2014-ஆம் ஆண்டுக் கலைவிழாவையொட்டிப் பேசப்பட்டன.

ஆனால் கருவிக்குக் கட்சி கிடையாது. பிளெக் லெ ராட் தகடு ஓவியத்தை முதன்முதல் பார்த்தது சிறுவயதில், இத்தாலியில். அது சர்வாதிகாரி முசோலினியின் உருவம்! ஒரு முகத்தை ஆயிரம் சுவர்களில் பதிக்கும் ஆற்றல், முகத்துதிக்கும் உதவும். முகமூடியைக் கிழிக்கவும் உதவும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. சுவர் யாருடையது? தமிழ்நாட்டில் பொது இடங்களின் தோற்றம் கெடுவதைத் தடுக்க 1959-லேயே சட்டம் இயற்றப்பட்டது. தேர்தலின்போது தம் வீட்டுச் சுவர் அனுமதியின்றிக் கட்சிச் சின்னங்களால் நிறைவதை விரும்பாதவர், கேலிச் சித்திரத்தை மட்டும் வரவேற்கவேண்டும் என்று சொல்ல முடியுமா? அதே வேளையில், எந்தச் சித்திரம் உடனே அழிக்கப்படுகிறது, எது ஆண்டுக்கணக்கில் நிற்கிறது என்று கேட்பதும் குடிமக்களின் உரிமையே.

2025 செப்டம்பரில் இலண்டன் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் சுவரில், நீதிபதி தம் சுத்தியலால் போராட்டக்காரரைத் தாக்குவதுபோல் பாங்ஸி வரைந்தார். சில நாட்களிலேயே அதைத் தேய்த்து அழித்தார்கள். ஆயினும் கல்லில் கருநிழல் ஒன்று தங்கிவிட்டது. இதற்கும் இயற்பியல் காரணம் உண்டு. கட்டடக் கல் நுண்துளைகள் நிறைந்தது. நுண்புழை ஏற்றத்தால் வண்ணம் உள்ளே இறங்கிவிட்டால், மேற்பரப்பைத் தேய்த்து அதை எடுக்க முடியாது. அழித்த தடமே பலருக்கு இன்னொரு கேலிச் சித்திரமாகத் தோன்றியது.

நீங்களே செய்து பாருங்கள்

பழைய அட்டையில் உங்கள் பெயரின் முதலெழுத்தைப் பாலங்களுடன் வெட்டுங்கள். அதை வெள்ளைத்தாளின்மீது வையுங்கள். பழைய பல்துலக்கும் தூரிகையை மையில் தோய்த்து, சீப்பின்மீது தேய்த்துத் துளிகளைத் தெறிக்க விடுங்கள். பின்பு அட்டையைத் தாளிலிருந்து அரை சென்டிமீட்டர் உயர்த்தி மீண்டும் செய்யுங்கள். இரு விளிம்புகளையும் ஒப்பிட்டால், இக்கட்டுரையின் பாதி உங்களுக்கே விளங்கிவிடும். மறுபாதி, அத்தகட்டில் எதை வெட்டுவது, எந்தச் சுவரில் பதிப்பது என்பது. அதனை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லித்தராது.