உரோமானியர் வெள்ளியும் சேரர் காசும்

கொங்கு மண்ணில் உரோமானிய வெள்ளிக் காசுகள் குவியல் குவியலாக வெளிப்பட்டுள்ளன. உடுமலைப்பேட்டையை அடுத்த பூதிநத்தத்தில் 1891ஆம் ஆண்டு 1000க்கும் மேற்பட்டவை கிடைத்தன. காத்தாங்கண்ணியில் 1913இல் 233 கிடைத்தன. இவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்கள் வெளியிட்ட ‘தெனாரியஸ்’ காசுகளாகும்.

திபேரியசின் காசில் ஒருபுறம் இலைமாலை சூடிய பேரரசனின் தலை. மறுபுறம் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண். அவளைச் சுற்றி, ‘தலைமைக் குரு’ எனப் பொருள்படும் இலத்தீன் பட்டம் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் போப்பாண்டவர்கள் தம் நாணயங்களில் பொறித்துக்கொண்டதும் இப்பட்டமே என்பது வியப்பிற்குரியது.

இவ்விருவர் காசுகளே இங்கு மிகுந்திருப்பது ஏன்? அகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசுகள் அடிக்கப்பட்டன. நீரோ மன்னன் கி.பி. 64இல் அதனை 96 ஆக்கினான். வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் வெளியான வெள்ளிக் காசுகள் தமிழகத்தில் அரிதாகவே கிடைக்கின்றன. நம் வணிகர் காசிலிருந்த முகத்தைப் பார்த்து வாங்கவில்லை. நிறுத்தும் உரைத்தும் வாங்கினர் என்று கொள்வதே பொருத்தமாகும். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவிற்குச் செல்வதாக உரோமானிய அறிஞர் பிளினி வருந்தினார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ் என்பதால், அது 1.25 கோடி வெள்ளிக் காசுகளுக்கு ஈடாகும். அவர் கூற்றில் மிகை இருக்கலாம். மிளகிற்கும் பச்சைக்கல்லிற்கும் ஈடாக வெள்ளி வந்தது மெய்.

வந்த காசு ஒரு வழக்கத்தையும் கொணர்ந்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த வெள்ளிக் காசொன்றில் மன்னன் ஒருவனின் தலையும், அதன்மேல் ‘மாக்கோதை’ என்னும் பெயரும் தமிழி எழுத்தில் காணப்படுகின்றன. ‘கொல்லிப்புறை’ என்னும் பெயர் பொறித்த காசும் அங்குக் கிடைத்துள்ளது. நாமக்கல்லின் கொல்லிமலையை அப்பெயர் நினைவூட்டுகிறது. மன்னன் உருவைக் காசில் பொறிக்கும் வழக்கம் உரோமானியரைப் பார்த்து எழுந்தது என்பர் அறிஞர்.

எனினும், மாக்கோதையின் காலத்தை உறுதிசெய்வது எளிதன்று. ஆற்று மணலில் தனித்துக் கிடைத்த காசிற்கு மண்ணடுக்குச் சான்று இல்லை. கலயத்தோடு கிடைப்பின் நிலை வேறு. அதிலுள்ள காலத்தால் பிந்திய காசு, அக்கலயம் எப்பொழுதிற்குப் பின் புதைக்கப்பட்டது என்பதைக் காட்டிவிடும். கண்டெடுத்தோர் பங்கிட்டுக்கொண்டாலோ, பட்டறையில் உருக்கிவிட்டாலோ அச்சான்று மீளாது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் கூறுகிறது.