கூடவே இருந்தவன்

சென்ற வாரம் எஸ்.ஏ. கணபதியைப் புடு சிறையில் விட்டு நிறுத்தியிருந்தேன். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிடப்பட்டவர். முதல் நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்தச் சம்மேளனத்துக்குப் பின்னால் நின்றது மலாயா கம்யூனிஸ்டுக் கட்சி. கட்சியின் உச்சியில் எட்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் யார் என்பதை இந்த வாரம் சொல்ல வேண்டும்.

என்னை அவனிடம் திருப்பியது ஒரு சினிமா. 2021இல் வந்த ‘ஜூடாஸ் அண்ட் த பிளாக் மெசையா’வைப் பெட்டாலிங் ஜெயாவில் என் வீட்டில் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். ஷாக்கா கிங் இயக்கிய படம். சிகாகோவின் கறுப்புச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனாக நடித்த டேனியல் கலூயாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. என் கண்ணோ வில்லியம் ஓநீலை விட்டு அகலவில்லை.

கார் திருட்டில் சிக்கிய பையன் அவன். வழக்கைக் காட்டி எஃப்.பி.ஐ. அவனை வளைத்துப்போட்டது. கட்சிக்குள் நுழைந்தவன் பாதுகாப்புப் பொறுப்பாளனாகவே உயர்ந்தான். ஹாம்ப்டன் தங்கியிருந்த வீட்டின் வரைபடத்தை, அவர் படுக்கும் இடம் உட்பட, போட்டுக் கொடுத்தான். 1969 டிசம்பர் 4, விடியுமுன் போலீஸ் புகுந்தது. எண்பதுக்கு மேற்பட்ட குண்டுகளை அவர்கள் சுட்டார்கள். உள்ளிருந்து பாய்ந்தது ஒன்றே ஒன்று என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. நிறைமாதக் கர்ப்பிணியான துணைவி அந்த வீட்டில் இருக்கும்போதே ஹாம்ப்டன் கொல்லப்பட்டார். மார்க் கிளார்க் என்ற தோழரும் இறந்தார். ஓநீலுக்குக் கிடைத்த வெகுமதி 300 டாலர்.

இந்தப் படத்தில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஹாம்ப்டனுக்கு வயது 21. ஓநீல் அவரைவிட இளையவன். முப்பதைத் தொட்ட நடிகர்கள் அந்த வேடங்களில் வரும்போது, அரசாங்கம் ஒரு பதின்வயதுப் பையனைப் பிடித்து இன்னொரு இளைஞனைக் கொல்ல வைத்தது என்ற கொடுமை பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஓநீலும் நிம்மதியாக வாழவில்லை. 1990 ஜனவரியில் நெடுஞ்சாலையில் காரின் முன் ஓடி உயிரை விட்டான்.

நம் மண்ணில் நடந்தது இதைவிடப் பயங்கரம். அங்கே துரோகி தலைவனின் பக்கத்தில் நின்றான். இங்கே தலைவனே துரோகி. லாய் தெக் வியட்நாமில் பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொன்னவன். பின் பிரிட்டிஷ் சிறப்புப் பிரிவின் ஆளாகச் சிங்கப்பூருக்கு வந்தான். 1939இல் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனான். 1942இல் ஜப்பானியரின் ராணுவப் போலீசான கெம்பித்தாய் பிடித்ததும் அவர்களுக்கும் விலைபோனான்.

அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, பத்துமலைக்கு அருகே கட்சியின் மூத்தவர்களும் ஜப்பான் எதிர்ப்புப் படையினரும் ரகசியமாகக் கூடினார்கள். விடியற்காலையில் ஜப்பானியர் சுற்றி வளைத்தார்கள். முன்னணித் தலைவர்கள் பலர் அங்கேயே மாண்டார்கள். கூட்டத்துக்கு வரவேண்டிய லாய் தெக் வரவில்லை. கார் பழுதாகிவிட்டதாம்! தோழர்கள் அதை நம்பினார்கள். 1947இல் கட்சிப் பணத்தோடு ஓடிய பிறகே உண்மை வெளிப்பட்டது. அவன் இடத்துக்கு வந்த சின் பெங்குக்கு அப்போது 22 வயது. லாய் தெக் பாங்காக்கில் தாய்லாந்துத் தோழர்களால் கொல்லப்பட்டான் என்று சின் பெங் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார்.

தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் காவடியும் பால்குடமும் ஏந்தி நாம் போகும் பத்துமலை அது. நானும் சிறுவயதிலிருந்து போகிறேன்; ஐம்பது வயதுவரை எனக்கு இது தெரியாது. பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை.

இந்தக் கதையை இங்கே படமாக்க யாருக்குத் துணிவு வரும்? சின் பெங் முகமே காட்டாமல் அமீர் முகமது எடுத்த ‘லெலாக்கி கொமுனிஸ் தெராகீர்’ ஆவணப்படத்தைக்கூட 2006இல் உள்துறை அமைச்சு தடை செய்தது. கம்யூனிஸ்டுகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் காட்டிக்கொடுக்கப்பட்டுச் செத்தவர்களின் கதையை மறைத்து வைப்பது அநியாயம்.

செந்தூல், கோம்பாக், பத்துமலை வட்டாரத்தில் ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்த பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதைக் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

(தொடரும்)