பழைய ரிம்பயர் ரைபிள்கள்: சேகரிப்பும் குறிசுடுதலும்

இங்கிலாந்திலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட சிறு ரைபிள்களைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, அவற்றைக்கொண்டே இலக்கில் சுட்டுப் பழகுவோர் பலர் உளர். இந்த ரைபிள்களிற் பெரும்பாலானவை அரண்மனைகளுக்கென்று செய்யப்பட்டவையல்ல. குடியானவன் வீட்டுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் எட்டக்கூடிய விலையிற் செய்யப்பட்டவை. அதனாலேயே அவை ஏராளமாக உபயோகப்பட்டன. ஏராளமாக உபயோகப்பட்டதனாலேயே பல கெட்டும் போயின. எஞ்சியவற்றுள் நல்லதை அறிவது எங்ஙனம், அறிந்ததைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வது எங்ஙனம், உயிருக்கு அபாயமின்றிச் சுடுவது எங்ஙனம் என்பவை இங்கு விவரிக்கப்படும்.

ரிம்பயர் தோட்டா இன்னதென்பது

பெரிய ரைபிளின் தோட்டாவில், அடிப்பாகத்தின் நடுவே சிறு கேப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ரிம்பயர் தோட்டாவிலோ தனிக் கேப்பு கிடையாது. மெல்லிய உலோகக் கூட்டின் அடிவிளிம்பு மடிக்கப்பட்டு, அம்மடிப்பின் உட்புறத்தில், அடிபட்டவுடன் தீப்பற்றும் மருந்து இடப்பட்டிருக்கும். துப்பாக்கியின் அடிமுள் அவ்விளிம்பை நசுக்கவே தீ பிறந்து, உள்ளிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைத்து, ஈயக் குண்டை முன்னே தள்ளுகிறது.

இவ்வமைப்பினால் விளையும் பலன்கள் மூன்று. விளிம்பு நசுங்கவேண்டுமாகையால் கூடு மெல்லியதாகவே இருக்கவேண்டும். ஆகவே மிகுந்த அழுத்தத்தை அது தாங்காது. இரண்டாவது, ஒருமுறை சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. மூன்றாவது, செய்வது எளிதாகையால் விலை குறைவு. இம்மூன்றும் சேர்ந்தே ரிம்பயரைச் சிறு தோட்டாவாகவும் சாமானியருடைய தோட்டாவாகவும் ஆக்கின.

பாரிஸ் நகரத்து பிளோபெர் என்பவர் 1845-ஆம் ஆண்டில் ஒரு கேப்பின் வாயிலேயே சிறு குண்டைப் பொருத்தி, வேறு மருந்து இன்றி, வீட்டுக் கூடத்திற்குள்ளே சுடத்தக்க தோட்டாவைச் செய்தார். 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் தங்கள் கைத்துப்பாக்கிக்காக, கரிமருந்து இட்ட 0.22 அங்குலத் தோட்டாவை வெளியிட்டனர். பின்னர் ‘ஷார்ட்’ என்று பெயர் பெற்றது இதுவே. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் ஸ்பென்ஸர், ஹென்றி என்னும் ரைபிள்களில் இதனினும் பெரிய ரிம்பயர் தோட்டாக்கள் வழங்கின. மிகுந்த வலிவுள்ள தோட்டாக்கள் தோன்றியபின் அவை மறைந்தன. சிறியது மட்டும் நிலைத்தது. 1887-இல் ஸ்டீவன்ஸ் கம்பெனியார் 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள குண்டோடு ‘லாங் ரைபிள்’ தோட்டாவை அமைத்தனர். இன்று உலகெங்கும் இலக்குச் சுடுவோர் கையாள்வது இதுவே.

சங்கங்களால் பரவிய ரைபிள்

1899-இல் தொடங்கிய போயர் யுத்தத்தில், தென்னாப்பிரிக்கக் குடியானவர்கள் நெடுந்தூரத்திலிருந்து குறி தவறாது சுட்டதைக் கண்டு ஆங்கிலேயர் திடுக்குற்றனர். சாதாரண ஜனங்களுக்கும் குறிசுடும் பயிற்சி வேண்டுமென்ற எண்ணம் அப்போது வலுத்தது. ஆனால் இராணுவ ரைபிளுக்கு நீண்ட மைதானம் வேண்டும். தோட்டாவின் விலையும் தொழிலாளியால் தாங்கத்தக்கதன்று. 0.22 ரைபிளுக்கோ 25 கஜ நீளமுள்ள கூடமும், குண்டைத் தடுக்கத் தக்க பின்சுவரும் போதும். ஆகவே 1901-இல் தொழிலாளர் ரைபிள் சங்கங்களுக்கென ஒரு தலைமைச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அது விரைவிலேயே சிறு ரைபிள் சங்கங்களின் சமாஜம் என்று பெயர் பெற்றது. 1947-இல் தேசியச் சிறுகுழல் ரைபிள் சங்கம் என மாறி இன்றும் நடந்துவருகிறது. இவ்வியக்கத்திற்கு முன்னின்று உழைத்த ராபர்ட்ஸ் பிரபு, 1881 முதல் 1885 வரை சென்னை இராணுவத்தின் தளபதியாக இருந்தவர்.

இச்சங்கங்களில், சொந்த ரைபிள் வாங்க இயலாதவன் சங்கத்தின் ரைபிளை எடுத்துச் சுடலாம். சந்தாவும் தோட்டாவின் விலையும் செலுத்தினால் போதும். இங்ஙனம் பலர் கைபட்டு உழைத்த ரைபிள்களே இன்று சேகரிப்போர் தேடும் பொருள்களிற் பல. பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனியார் செய்த மார்ட்டினி ரைபிள்கள் இவற்றுட் புகழ் பெற்றவை. கீழேயுள்ள நெம்புகோலைத் தாழ்த்தினால் பின்வாயை மூடும் இரும்புக் கட்டை இறங்கும். தோட்டாவை ஒன்றொன்றாக இட்டுச் சுடவேண்டும். அமெரிக்காவில் ஜான் பிரௌனிங் என்பவரும் அவர் சகோதரரும் வகுத்த திட்டப்படி வின்செஸ்டர் கம்பெனியார் 1890-இல் வெளியிட்ட ரைபிள் வேறு வகையானது. குழலுக்குக் கீழுள்ள மரப்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தள்ள, தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். திருவிழாச் சந்தைகளில் காசு கொடுத்துச் சுடும் கொட்டகைகளில் அது பல்லாண்டு உழைத்தது.

குழலைக் கெடுத்தது யாது?

பழைய ரிம்பயர் ரைபிளை வாங்குவோர் முதலில் காணும் குறை, குழலின் உட்புறத்துத் துருவாகும். வெளியே பளபளப்பாக இருக்கும் ரைபிள் உள்ளே அம்மைத் தழும்பேறியதுபோல் இருத்தல் உண்டு. இதன் காரணம் உடையவனின் சோம்பல் மட்டுமன்று.

அக்காலத்துத் தோட்டாக்களின் விளிம்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் என்னும் உப்பு சேர்க்கப்பட்டிருந்தது. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலிற் படியும். சமையல் உப்பு மழைக்காலத்தில் ஈரம் வாங்குவதுபோலவே இதுவும் காற்றின் ஈரத்தை வாங்கி, இரும்பைத் தின்றுவிடும். கரிமருந்து வழங்கிய காலத்தில் அதன் மிகுந்த கசடோடு இந்த உப்பும் கலந்து கிடந்தது. சுடுவோரும் கசடு கண்ணுக்குத் தெரிந்தமையால் நீர்விட்டுக் கழுவினர். புகையற்ற மருந்து வந்தபின் கசடு குறைந்தது. குழல் சுத்தமாகத் தோன்றியது. உப்போ இரும்பின்மேல் நேரே படிந்தது. எண்ணெய் தடவினால் போதுமென்று எண்ணினவர் ஏமாந்தனர். ஏனெனில் உப்பு எண்ணெயிற் கரைவதில்லை, நீரிலேயே கரையும். 1920-களின் பிற்பகுதியில் ரெமிங்டன் கம்பெனியார் துருவேற்றாத விளிம்பு மருந்தை அமெரிக்காவிற் பரப்பினர், மற்றவர்களும் பின்பற்றினர். அதற்கு முந்திய ரைபிளில் நல்ல குழல் கிடைப்பின், அதை யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவி உலர்த்தி எண்ணெயிட்டார் என்று கொள்ளலாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. பின்வாயைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்கவேண்டும். விற்பவன் இல்லையென்று சொன்னது போதாது.

2. பின்வாய்ப் பக்கம் வெள்ளைக் காகிதம் பிடித்து, முன்வாய் வழியே குழலை நோக்கவேண்டும். சுருள் பள்ளங்கள் கூர்மையாகத் தெரிதல் நன்று. நடுவில் கரிய வளையம் ஒன்று தெரிந்தால், முன்னே சென்ற குண்டு குழலிற் சிக்கியிருக்க, அதை அறியாது மறுபடி சுட்டதனால் குழல் வீங்கியிருக்கலாம்.

3. தோட்டா அமரும் அறையின் விளிம்பைப் பார்க்கவேண்டும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகிய ரைபிளில், அடிமுள் அறையின் விளிம்பையே தாக்கி வடு உண்டாக்கியிருக்கும். அவ்வடு பெரிதானால் தோட்டா உள்ளே செல்லாது.

4. நீண்ட ‘லாங் ரைபிள்’ அறையில் ‘ஷார்ட்’ தோட்டாக்களையே பல்லாயிரம் சுட்டிருந்தால், கூட்டின் வாய்க்கு முன்னே அறை அரிக்கப்பட்டிருக்கும். பின்னர் நீண்ட தோட்டாவைச் சுட்டால் கூடு அவ்வரிப்பில் விரிந்து சிக்கிக்கொள்ளும்.

5. பின்வாய்க் கட்டைக்கும் தோட்டா விளிம்புக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டதா என்று தேர்ந்த துப்பாக்கித் தச்சனிடம் அளந்தறியவேண்டும். விளிம்பின் கனம் அங்குலத்தில் நூற்றில் நான்கு பங்கேயாம். தேய்ந்த கட்டை அதைச் சரியாகத் தாங்காவிடில் விளிம்பு வெடித்து, சூடான வாயு சுடுபவனின் கண்ணை நோக்கிப் பாயும். மலிவான பழைய பிளோபெர் வகை ரைபிள்களில் இவ்வபாயம் மிகுதி.

6. குழலின்மேற் பொறித்துள்ள தோட்டாவின் பெயரைப் படிக்காமற் சுடலாகாது. 1890-ஆம் ஆண்டு வின்செஸ்டர் ரைபிள்கள் ஒவ்வொன்றும் ஒரே வகைத் தோட்டாவுக்கென்று செய்யப்பட்டவை. அவற்றுட் சில ‘டபிள்யூ.ஆர்.எப்.’ என்னும் சற்றே பருத்த தோட்டாவுக்கு உரியவை. அவ்வறையில் சாதாரணத் தோட்டா இலகுவாக நுழையும். சுட்டால் கூடு பிளக்கும்.

பிரிட்டிஷ் ரைபிளாயின், லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை குழலில் இருக்கும். கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா, புகையற்ற மருந்துக்கும் சோதிக்கப்பட்டதா என்பதை அம்முத்திரைகளால் அறியலாம். அமெரிக்க ரைபிளில் வரிசை எண் இல்லையென்றால் அது திருட்டுப் பொருளென்று எண்ணவேண்டுவதில்லை. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன் மலிவான 0.22 ரைபிள்கள் பல எண்ணின்றியே விற்கப்பட்டன.

பழுது பார்ப்பதன் எல்லை

பழைய ரைபிளைப் புதிதாக்க விரும்புதல் மனித இயல்பு. ஆயினும் மெருகு தேய்த்து, புதுக் கருநீலம் ஏற்றி, மரத்தை இழைத்துவிட்டால், எழுத்துக்களும் முத்திரைகளும் மழுங்கும், விலையும் குறையும். வெளிப்புறத்து நிறம் மங்கியதனால் ரைபிளின் வேலைக்கு யாதொரு குறையும் இல்லை. துருவை எண்ணெயிட்டு ஊறவைத்து மெல்லத் துடைத்து நிறுத்திக்கொள்ளல் போதும்.

குழல் அறவே கெட்டதாயின், அதைத் துளையிட்டு உள்ளே புதிய எஃகுக் குழாய் ஒன்றைப் பதித்து, புதுச் சுருள் பள்ளம் அமைக்கும் முறை உண்டு. பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் கம்பெனியார் இதிற் பேர்பெற்றிருந்தனர். இதனால் பழைய உட்குழல் அழிகிறதென்பது உண்மையே. ஆயினும் அரிதல்லாத, சுவரில் தொங்கத் தவிர வேறெதற்கும் உதவாத ரைபிள் மீண்டும் பத்து ரவையையும் ஒரு சிறு வட்டத்துள் இடுமாயின், அம்மாறுதல் தகுந்ததே. அரிய ரைபிளாயின் தொடாமல் விடுதல் நலம்.

சுத்தம் செய்தலிலும் அளவு வேண்டும். முன்வாயின் விளிம்பே குண்டை விட்டுவிடும் கடைசி இடம். அங்கே கம்பி உராய்ந்து தேய்ந்தால் குறி சிதறும். ஆகையால் கம்பியைப் பின்வாய் வழியே செலுத்தவேண்டும். அமைப்பு இடங்கொடாவிடில் முன்வாயில் காப்புவளையம் வைத்துச் செலுத்தவேண்டும்.

தோட்டாவும் குறியும்

1930-ஐ ஒட்டி அதிவேகத் தோட்டாக்கள் விற்பனைக்கு வந்தன. அவை கரிமருந்துக் காலத்து ரைபிள்களுக்கு உரியவையல்ல. நொடிக்கு 1,050 முதல் 1,080 அடி வரை செல்லும் சாதாரண வேகத் தோட்டாவே பழைய ரைபிளுக்கு ஏற்றது. அதுவும் தச்சன் பரிசோதித்து ஒப்பிய பின்னரே. அவ்வேகம் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவு. ஒலியை மிஞ்சிச் சென்று பின்பு வழியில் அதற்குக் கீழே இறங்கும் குண்டு அச்சமயத்தில் அலைக்கழியும். முதலிலிருந்தே குறைந்து செல்லும் குண்டு அமைதியாகச் செல்லும். ஆகவே மெதுவான தோட்டாவே ரைபிளுக்கும் நலம், குறிக்கும் நலம்.

ஒரே பெயருள்ள தோட்டாக்களும் ஒரே ரைபிளில் வெவ்வேறாகச் சுடும். நாலைந்து வகையில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகத் தாங்குமேடைமீது வைத்துச் சுட்டு, எது நெருங்கி விழுகிறதோ அதையே கொள்ளுதல் அனுபவசாலிகளின் வழக்கம்.

ஜாக்கிரதை

சிறியதென்று இத்தோட்டாவை அலட்சியம் செய்தலாகாது. மேல்நோக்கிச் சுட்ட குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் சென்று விழும். விழும் இடத்தில் உயிரைப் போக்கவும் வல்லது. நீர்ப்பரப்பிலும் கல்லிலும் பட்டுத் தெறித்து வேறு திசை செல்லும். பின்னே மண்மேடோ தக்க சுவரோ இல்லாத இடத்திற் சுடவே கூடாது. விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டாவை, குழலை இலக்கின்பக்கமே வைத்துக்கொண்டு, அரை நிமிஷமாவது பொறுத்த பின்னரே வெளியே எடுக்கவேண்டும். மூடிய கூடத்தில் ஈயத் தூசி சுவாசத்திற் கலக்குமாதலால் காற்றோட்டம் அவசியம். சுட்டபின் கை கழுவாமல் உண்ணலாகாது.

சட்டமும் இடத்துக்கு இடம் வேறுபடும். அமெரிக்க மத்தியச் சட்டம் 1898 முடியச் செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கொள்கிறது. மாகாணச் சட்டங்கள் தனி. பிரிட்டனில் சுடுவதற்கென வைத்துக்கொள்ளும் ரைபிளுக்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டும். ஆயினும் அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் அங்கத்தினர், சங்கத்தின் ரைபிளைச் சங்கத்தில் நடக்கும் இலக்குப் பயிற்சியிற் சுடுவதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டுவதில்லை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, சுடத்தக்க ரைபிள் எவ்வளவு பழையதாயினும் லைசென்ஸின்றி வைத்திருத்தல் குற்றமாகும். பாட்டனார் காலத்துப் பெட்டியில் அத்தகையது கிடைப்பின், அதை விசையிழுத்துப் பார்க்காமலும் மறைக்காமலும் போலீஸ் நிலையத்திற்குத் தெரிவித்தலே முறை.

சட்டத்துக்கும் ஜாக்கிரதைக்கும் உட்பட்டுக் காக்கப்படும் ரைபிள், செய்தவனும் வாங்கியவனும் மறைந்த பின்னும் வேலை செய்யும். 1901-ஐ ஒட்டிய காலத்துச் சங்கக் கூடமொன்றில் தொழிலாளி ஒருவன் வாரக்கூலியில் மிச்சம் பிடித்துச் சுட்ட அதே குழலில், இன்றும் ஒருவன் படுத்து, மூச்சடக்கி, 25 கஜத்துக்கு அப்பாலுள்ள கரும்புள்ளியை நோக்கக்கூடும். அதற்கு வேண்டியவை சிறிது வெந்நீர், சிறிது எண்ணெய், பொறித்த எழுத்தைப் படிக்கும் பொறுமை ஆகியவையே.